ஊருக்கு வரும் கதவும் திரும்பிப் போகும் கதவும்: வாசகர் கேள்வி – பதில்

ஓமந்தையைத் தாண்டி ஏ-9 வீதியால் வடக்கே வந்து, மாங்குளத்திலோ பரந்தனிலோ கிழக்கே திரும்புகிறவர்கள் ஒரு காட்சியைக் காணாமல் போக முடியாது. புதிதாகக் கட்டி, வர்ணம் பூசி, முற்றத்தில் இரண்டு தென்னங்கன்றும் நாட்டி, கேற்றில் பூட்டுத் தொங்கும் வீடுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அவற்றைக் கட்டியவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் டோர்ட்முண்டிலும் ஓய்வு பெறும் வயதை எட்டியிருக்கிறார்கள். இந்தப் பகுதிக்கு அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அவர்கள் எழுதியவை. ‘ஊரில் வந்து இருப்பதற்கு எந்த விசா எடுக்க வேண்டும்?’ என்பதே எல்லாக் கடிதங்களிலும் முதற் கேள்வியாக இருக்கிறது. அது தேவையான கேள்விதான். ஆனால் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஆபத்து இருப்பது இலங்கைக்குள் வரும் வழியில் அல்ல, இத்தனை ஆண்டு வாழ்ந்த நாட்டுக்குத் திரும்பிப் போகும் வழியிலேயே என்பது இந்தக் கடிதங்களை வாசித்துவரும் எனது எண்ணம். ஓய்வூதியமும் மருந்தும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கையில், அந்த வழி அடைபட்டால் ஊரில் கட்டிய வீடும் நிம்மதி தராது. ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: வட்டக்கச்சியில் பிறந்த எனக்கு இப்போது வயது 67. 1999 இல் கனடாவுக்கு வந்து, அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2003 இல் நிரந்தர வதிவிட உரிமை பெற்றேன். தொழிற்சாலையில் இரவு வேலை என்பதால் குடியுரிமைப் பரீட்சைக்குப் படிக்க நேரம் கிடைக்கவில்லை, பி.ஆர். கார்டைப் புதுப்பித்துக்கொண்டே காலம் போய்விட்டது. இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்து 2016 இலும் 2022 இலும் ஊருக்கு வந்து, ஒவ்வொரு முறையும் ஆறு கிழமை நின்றேன். இனி ஆண்டுக்கு எட்டு மாதம் வட்டக்கச்சியிலும் நான்கு மாதம் இங்கேயும் இருக்க விரும்புகிறேன். இலங்கையில் ஓய்வுபெற்றோர் விசா எடுக்க வேண்டுமா? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: ஐயா, உங்களுக்கு இலங்கையில் எந்த விசாவும் தேவையில்லை. நீங்கள் வேறு நாட்டின் குடியுரிமையைப் பெறாதவரை இலங்கைப் பிரஜையாகவே இருக்கிறீர்கள். இலங்கையில் நீங்கள் விரும்பிய காலம் வரை இருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது வேறொரு வரி. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு நிரந்தர வதிவிட உரிமை பெற்ற ஒருவர், தான் அஞ்சி வெளியேறிய நாட்டின் கடவுச்சீட்டைத் தானாக விரும்பி எடுத்து, அதைக் கொண்டு அதே நாட்டுக்குப் போய் வந்தால், அவர் அந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடிவிட்டார் என்று கனடிய அரசு வாதிடலாம். குடிவரவு, அகதிகள் சபை அதை ஏற்றுக்கொண்டால் அவருடைய அகதித் தகுதி முடிவுக்கு வரும். முன்பெல்லாம் அதோடு விடயம் நின்றுவிடும். நிரந்தர வதிவிட உரிமை தப்பிவிடும். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின் பின்னர் இந்தக் காரணத்தால் அகதித் தகுதியை இழப்பவர் நிரந்தர வதிவிட உரிமையையும் சேர்த்தே இழக்கிறார். இருபது ஆண்டு வரி கட்டியதும், பிள்ளைகள் கனடியக் குடிமக்களாக இருப்பதும் அதைத் தாமாகத் தடுத்துவிடா.

இதனால் நாளைக்கே யாரோ உங்கள் கதவைத் தட்டுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொருவருடைய சூழ்நிலையையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று கனடாவின் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்திருக்கிறது. பயணத்தின் நோக்கம் என்ன, அதன் விளைவு அவருக்குத் தெரிந்திருந்ததா, போன இடத்தில் தன்னைக் காத்துக்கொள்ள முன்னெச்சரிக்கையாக இருந்தாரா, அவர் அஞ்சியது அரசுக்கா வேறு தரப்புக்கா என்பனவெல்லாம் கவனிக்கப்பட வேண்டியவை. ஆனால் ஆறு கிழமைப் பயணத்தை ‘தாயாரின் சுகவீனத்தைப் பார்க்க வந்தேன்’ என்று விளக்குவது ஒன்று; ஆண்டுக்கு எட்டு மாதம் சொந்த வீட்டில் குடியிருப்பதை விளக்குவது முற்றிலும் வேறொன்று. இப்போதைய நிலையில் நீங்கள் அப்படி வருவது, அரசு வைக்கக்கூடிய வாதத்தை நீங்களே எழுதிக் கொடுப்பதற்குச் சமமாகும்.

ஆகவே வீட்டுக்குக் கல்லும் மணலும் பறிக்க முன்னர் கனடியக் குடியுரிமையைப் பெற்றுக்கொள்ளுங்கள். குடிமகனாகிவிட்ட ஒருவருக்கு இந்த ஆபத்து இல்லை. நீங்கள் அஞ்சிய பரீட்சை இன்று உங்களுக்கு இல்லவே இல்லை: மொழித் தகைமையும் அறிவுப் பரீட்சையும் 18 முதல் 54 வயது வரையானவர்களுக்கே உரியவை. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 1095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அதற்குள் மூன்று ஆண்டுகளாவது வரிப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். பயணங்களை மறைக்காமல் எழுத வேண்டும் என்பதாலும், அகதித் தகுதி பற்றிய வழக்கு ஒன்று தொடங்கினால் குடியுரிமை விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படலாம் என்பதாலும், படிவத்தை அனுப்புவதற்கு முன்னர் உங்களுடைய இரண்டு பயணங்களையும் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் விபரமாகச் சொல்லுங்கள். அந்தச் செலவு வீட்டின் ஒரு யன்னலுக்கு ஆகும் செலவைவிடப் பெரிதாக இராது. கனடியக் குடிமகனாகச் சத்தியப் பிரமாணம் செய்யும் வரை ஊர்ப் பயணம் வேண்டாம்.

அகதியாக அல்லாமல் பிள்ளைகளின் அனுசரணையில் போய் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களுக்கு மேற்சொன்ன ஆபத்து இல்லை. அவர்களுக்கு நாட்கணக்கே முக்கியம். ஐந்து ஆண்டுகளில் 730 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆண்டுக்கு நான்கு மாதம் என்றால் ஏறக்குறைய 120 நாட்கள். ஐந்து ஆண்டுக்கு 600 நாட்கள். 130 நாட்கள் குறைகின்றன. ஆண்டுக்கு 150 நாட்கள் என்றால் 750 ஆகும், தப்பிவிடலாம். இறங்கிய நாளும் புறப்பட்ட நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். கனடியக் குடிமகனான கணவனுடனோ மனைவியுடனோ வெளிநாட்டில் சேர்ந்து வாழும் நாட்களையும் சேர்த்து எண்ண இடமுண்டு. ஆனால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும்.

இவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, ஒரு நாற்பது தாள் கொப்பியை வாங்கி, இடது பக்கத்தில் கனடாவில் இறங்கிய திகதியையும் வலது பக்கத்தில் புறப்பட்ட திகதியையும் எழுதி, விமானச்சீட்டின் துண்டை அந்தத் தாளிலேயே ஒட்டி வையுங்கள் என்பதே. என் அயலவர் ஒருவர் முரசுமோட்டையில் ஏழு மாதம் நின்றுவிட்டு, சூட்கேசில் முருங்கைக்காயும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொண்டு கட்டுநாயக்கவுக்குப் போனார். விமான நிறுவனப் பணியாளர் அவருடைய பி.ஆர். கார்டைத் திருப்பிப் பார்த்து, திகதியின் மேல் விரலை வைத்துக் காட்டினார். கார்ட் காலாவதியாகிப் பதினொரு நாளாகியிருந்தது. அவருடைய வதிவிட உரிமை அன்று போய்விடவில்லை. கார்ட் முடிவதும் உரிமை முடிவதும் ஒன்றல்ல. ஆனால் செல்லுபடியாகும் கார்டோ அதற்குப் பதிலான பயண ஆவணமோ இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அவர் இரவு பஸ்ஸில் ஏறக்குறைய 330 கிலோமீற்றர் தூரத்தைத் திரும்பி வந்து, பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்து, அது கிடைக்கும் வரை காத்திருந்தார். நாட்கணக்கைக் காட்ட அவரிடம் விமானச்சீட்டுத் துண்டுகள் இருந்தபடியால் அது கிடைத்தது.

கேள்வி: நாங்கள் இருவரும் முள்ளியவளையைச் சேர்ந்தவர்கள், 2008 இலிருந்து பிரித்தானியக் குடிமக்கள். எனக்கு வயது 61, மனைவிக்கு 56. ‘மை ட்ரீம் ஹோம்’ என்ற விசாவை எடுக்கும்படி ஒரு முகவர் சொல்கிறார். இரட்டைப் பிரஜாவுரிமை எடுப்பது நல்லதா, இந்த விசா நல்லதா? (லண்டன் வாசகர்)

பதில்: இலங்கையின் அரசியலமைப்பு 14(1) ஆம் உறுப்புரையில் நாட்டுக்குத் திரும்பி வரும் சுதந்திரத்தையும் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால் அந்த உரிமை பிரஜைகளுக்கே உரியது. 2008 இல் நீங்கள் பிரித்தானியக் குடியுரிமையைப் பெற்ற வேளையில், இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விண்ணப்பித்திருக்காவிட்டால், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி அது அன்றே உங்களைவிட்டுப் போய்விட்டது. பழைய இலங்கைக் கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் அலுமாரியில் இருப்பதை வைத்துக்கொண்டு ‘நான் இன்னும் இலங்கைப் பிரஜைதான்’ என்று நம்புகிறவர்கள் நம்மவர்களில் பலர். சட்டத்தின் கண்ணில் நீங்கள் பிறந்த ஊருக்கு விசாவோடு வர வேண்டிய வெளிநாட்டவர். எழுதுவதற்கே மனம் வலிக்கும் உண்மை இது. ஆனால் அதை அறிந்துகொண்டு தொடங்குவதே நல்லது.

முகவர் சொல்லும் விசா உண்மையில் உள்ள ஒன்றுதான். 55 வயதைத் தாண்டிய வெளிநாட்டவர், இலங்கை வங்கியொன்றில் 15,000 அமெரிக்க டொலரை நிலையான வைப்பில் இட்டு, மாதந்தோறும் தமக்கு 1,500 டொலரும் தம்மில் தங்கியிருக்கும் ஒவ்வொருவருக்கும் 750 டொலரும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால், இரண்டு ஆண்டு வதிவிட விசா வழங்கப்படும். பின்னர் அதைப் புதுப்பிக்கலாம். உங்கள் இருவருக்கும் மாதம் 2,250 டொலர் வந்துகொண்டே இருக்க வேண்டும். பிரித்தானிய அரச ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு இது இலகுவான தொகை அல்ல. மேலும் அந்த ஓய்வூதியம் தொடங்கும் வயதை நீங்கள் இருவருமே இன்னும் எட்டவில்லை. இது இலங்கையோடு பிறப்பால் தொடர்பில்லாத, கையில் பணமுள்ள வெளிநாட்டு முதியவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட திட்டம் என்பதே எனது கருத்து. முள்ளியவளையில் பிறந்தவர் அந்த வழியால் வர வேண்டிய தேவை இல்லை.

உங்களுக்கு உரியது மேலே சொன்ன பிரஜாவுரிமைச் சட்டத்தின் 19(2) ஆம் பிரிவு. இழந்த பிரஜாவுரிமையை மீண்டும் பெற்று, இரண்டு நாட்டுக்கும் உரியவராக இருப்பதற்கான வழி அது. கல்வி அல்லது தொழில் தகைமை, 25 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத சொத்து, மூன்று ஆண்டுக்கான நிலையான வைப்பு எனப் பல தகுதிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றுள் 55 வயதைத் தாண்டியிருப்பதும் ஒன்று. நீங்கள் இருவரும் வயதின் அடிப்படையிலேயே விண்ணப்பிக்கலாம். லண்டனில் உள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாகவோ பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்திலோ கொடுக்கலாம். கிடைக்கப் பல மாதங்கள் எடுக்கும் என்பதால், இறுதி முடிவு வரும்வரை லண்டன் வீட்டை விற்றுவிட வேண்டாம்.

வன்னியில் பிறந்தவர்களுக்கு இந்த விண்ணப்பத்தில் எங்கே கால் தடுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அண்மையில் ஒரு தம்பதியரின் ஆவணங்களை என் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழில் கணவரின் தந்தை பெயர் ‘பிள்ளை’ என்று முடிகிறது. திருமணப் பதிவில் அந்தப் ‘பிள்ளை’ இல்லை. பிரித்தானியக் கடவுச்சீட்டில் அதே தந்தை பெயர் மகனின் குடும்பப் பெயராகி, நடுவில் ஓர் எழுத்துக் குறைந்து நிற்கிறது. பிறந்த ஆண்டும் ஒன்றில் 1963, மற்றொன்றில் 1965. பயணம் போன காலத்து நெருக்கடியில் யாரோ எழுதிய எழுத்து, முப்பது ஆண்டு கழித்துத் தடையாக வந்து நிற்கிறது. இவற்றைச் சரிசெய்யச் சத்தியக் கடதாசியும், சில வேளைகளில் பதிவாளர் நாயகத் திணைக்களத்தின் திருத்தமும் தேவைப்படும். இடப்பெயர்வில் சான்றிதழைத் தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்தப்பட்ட பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பதிவேடே இல்லாமற் போயிருந்தால் உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய உட்காரும் முன்னர் இந்த வேலைகளை முடியுங்கள்.

பிரித்தானியக் குடிமக்களாதலால் நீங்கள் எத்தனை ஆண்டு ஊரில் இருந்தாலும் பிரித்தானியாவுக்குத் திரும்பலாம். ஆனால் இரண்டு விடயங்களைக் கணக்கில் எடுங்கள். இலங்கையில் வசிப்பவருக்கு வழங்கப்படும் பிரித்தானிய அரச ஓய்வூதியம் ஆண்டுதோறும் கூடாது. தொடங்கிய தொகையிலேயே நின்றுவிடும். தேசிய சுகாதார சேவையில் இலவசச் சிகிச்சையும் அங்கே வழக்கமாக வசிப்பவருக்கே உரியது. கடவுச்சீட்டு மட்டும் அதற்குப் போதாது.

உங்கள் உறவினர்களில் யாராவது குடியுரிமை பெறாமல் நிரந்தரமாகத் தங்கும் அனுமதியோடு மட்டும் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்: பொதுவாக, தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால் அந்த அனுமதி தானாகவே முடிந்துவிடும்.

கேள்வி: புதுக்குடியிருப்பு எனது ஊர். ஜேர்மனியில் 27 ஆண்டாகச் சட்டப்படி வசிக்கிறேன். நிரந்தர வதிவிட அனுமதி உண்டு, குடியுரிமை இல்லை. அம்மாவைப் பராமரிக்க எட்டு மாதம் ஊரில் நிற்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் போனால் அனுமதி போய்விடும் என்கிறார்கள். உண்மையா? (டோர்ட்முண்ட் வாசகர்)

பதில்: பொதுவிதி அதுதான். ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் அனுமதி அற்றுப்போகும். ஆனால் ஜேர்மனிய வதிவிடச் சட்டத்தின் 51 ஆம் பிரிவில் உங்களைப் போன்றவர்களுக்கென்றே ஒரு விலக்கு இருக்கிறது: குறைந்தது 15 ஆண்டு சட்டப்படி வசித்து, வாழ்க்கைச் செலவுக்குச் சொந்த வருமானமும் உள்ள ஒருவரின் நிரந்தர அனுமதி இவ்வாறு அற்றுப்போகாது. அந்த விலக்கு உங்களுக்கு உண்டு என்பதை வெளிநாட்டவர் அலுவலகம் எழுத்தில் உறுதிப்படுத்தித் தரும். அந்தக் கடிதத்தைக் கையில் வாங்காமல் விமானம் ஏற வேண்டாம். அரச உதவிப்பணத்தில் வாழ்பவர்கள் இந்த விலக்கை நம்பியிருக்க முடியாது. அகதித் தகுதியோடு இருப்பவர்களுக்கு, கனடா வாசகருக்குச் சொன்னது போன்ற ஆபத்து அங்கேயும் உண்டு.

2024 ஜூன் 27 முதல், ஜேர்மனியக் குடியுரிமை பெறுவோர் பழைய குடியுரிமையைக் கைவிட வேண்டும் என்ற நிபந்தனையை ஜேர்மனி நீக்கிவிட்டது. பல ஆண்டு அந்த நிபந்தனைக்காகவே தயங்கி நின்றவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் ஜேர்மனி அனுமதித்துவிட்டது என்பதற்காக இலங்கைப் பிரஜாவுரிமை தானாகத் தங்கிவிடாது. இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 19(3) ஆம் பிரிவின் கீழ், பிரஜாவுரிமையைத் தக்கவைக்கும் விண்ணப்பத்தை ஜேர்மனியக் குடியுரிமை கைக்கு வருவதற்கு முன்னரே கொடுக்க வேண்டும். முதற் கேள்வியை எழுதிய ஸ்காபரோ வாசகரும் சத்தியப் பிரமாணத்துக்கு முன்னர் இதையே செய்ய வேண்டும்.

சுவிற்சர்லாந்தில் ‘சி’ எனப்படும் நிரந்தர வதிவிட அனுமதி வைத்திருப்பவர்களுக்கும் ஆறு மாதமே எல்லை. ஆனால் அந்த ஆறு மாதம் முடியும் முன்னர் கன்ரன் (மாநில) அலுவலகத்தில் கேட்டால் நான்கு ஆண்டு வரை அனுமதியை நிலைநிறுத்தி வைக்க இடமுண்டு. கேட்காமல் போனவர்களே இழக்கிறார்கள்.

கேள்வி: விசுவமடுவைச் சேர்ந்த நான் கணவரை இழந்தவள், வயது 70. கனடியக் குடியுரிமை உண்டு. 18 ஆண்டாக ஒன்ராறியோவில் வசிக்கிறேன். ஊரில் நீண்டகாலம் நின்றால் பென்சன் நின்றுவிடும் என்று சிலரும், நில்லாது என்று சிலரும் சொல்கிறார்கள். (பிரம்டன் வாசகி)

பதில்: அம்மா, இரு தரப்பினரும் பாதி உண்மையைச் சொல்கிறார்கள். பென்சன் என்று நாம் ஒரு சொல்லில் சொல்வது மூன்று வெவ்வேறு கொடுப்பனவுகள். வேலை செய்து கட்டிய சி.பி.பி. உலகின் எந்த மூலைக்கும் வரும். முதியோர் பாதுகாப்புக் கொடுப்பனவான ஓ.ஏ.எஸ்., 18 வயதுக்குப் பின்னர் 20 ஆண்டு கனடாவில் வசித்தவருக்கே வெளிநாட்டில் தொடர்ந்து கிடைக்கும். உங்களைப் போல அதற்குக் குறைந்தவர்களுக்கு, புறப்பட்ட மாதமும் அதற்குப் பின் ஆறு மாதமும் கிடைத்து, பிறகு நின்றுவிடும். வருமானம் குறைந்தவர்களுக்கு மேலதிகமாகக் கொடுக்கப்படும் ஜி.ஐ.எஸ். பணம், எத்தனை ஆண்டு வசித்தவராக இருந்தாலும், ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் நிறுத்தப்படும். நம் தாய்மாரில் பலருக்கு மாத வரவில் பெரும்பங்கு இந்த மூன்றாவது கொடுப்பனவே. வெளியே போவதை அறிவிக்காமல் அதைப் பெற்றுக்கொண்டிருந்தால், பின்னர் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

உங்கள் 20 ஆண்டு நிறைவடைய இன்னும் இரண்டு ஆண்டுகளே இருக்கின்றன. என் சொந்தத் தங்கையாக இருந்தால், அந்த இரண்டு ஆண்டும் கனடாவையே வதிவிடமாக வைத்துக்கொண்டு ஊருக்கு வந்து போ என்றே சொல்வேன். ஒன்ராறியோவின் சுகாதாரக் காப்புறுதியான ஓஹிப் தொடர, எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்துப் பார்த்தாலும் 153 நாட்கள் அந்த மாகாணத்தில் இருந்திருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு காலக்கணக்கு வன்னியின் வயலிலேயே இருக்கிறது. ஒக்ரோபர் தொடக்கத்தில் காலபோக விதைப்புக்கு வந்து, மார்ச் இறுதிக்குள் அறுவடை முடிந்த கையோடு திரும்பினால், ஆறு மாதத்துக்குள் பயணம் முடிந்துவிடும். கனடாவின் பனிக்காலமும் கழிந்துவிடும். அங்கே இருக்கும் நாட்கள் 153 ஐத் தாராளமாகத் தாண்டும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் நிற்க வேண்டும் என்று மனம் கேட்கும். அதற்கென்று மார்ச்சில் திரும்பாமல் நிற்பதைவிட, அந்த ஆண்டுக்கு விதைப்புக் காலத்தை விட்டுவிட்டு ஜனவரியில் வருவதே கணக்குக்குப் பொருந்தும்.

இன்னும் ஒன்று. கனடியக் குடியுரிமை உள்ளவர் கனடாவுக்கு விமானம் ஏறச் செல்லுபடியாகும் கனடியக் கடவுச்சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2016 நவம்பர் முதல் கண்டிப்பாக நடைமுறையில் இருக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்து இலங்கைக் கடவுச்சீட்டில் ஊருக்கு வந்தவர்களும் திரும்பும்போது கனடியக் கடவுச்சீட்டையே காட்ட வேண்டும். விசுவமடுவில் இருக்கும்போது அது காலாவதியானால் கொழும்பிலுள்ள கனடிய உயர்ஸ்தானிகராலயத்துக்குத்தான் போக வேண்டும். புறப்படும் முன்னரே புதுப்பித்துக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: நான் அவுஸ்திரேலியக் குடியுரிமை பெற்றவள், என் கணவருக்கு அங்கே நிரந்தர வதிவிடம் மட்டும் உண்டு. தர்மபுரத்தில் என் தந்தையின் பெயரில் அனுமதிப்பத்திரக் காணி இருக்கிறது. ஓய்வுக்காலத்தில் அங்கே வீடு கட்டி இருக்கலாமா? (மெல்பேர்ன் வாசகி)

பதில்: விசாவைவிடக் காணியே உங்களுக்குப் பெரிய கேள்வி. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரஜைகளுக்கும், நெருங்கிய உறவினரிடமிருந்து முதுசமாகப் பெறுவோருக்கும் அதில் விலக்கு உண்டு. ஆனால் அது உறுதிப் பத்திரம் உள்ள தனியார் காணிக்குப் பொருந்தும் பேச்சு. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டக் குடியேற்றத் திட்டங்களில் பெருமளவு காணி, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்ட அரச காணி. அங்கே வசித்துப் பயன்படுத்துவது அந்தப் பத்திரத்தின் நிபந்தனை. பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. தந்தை உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய், பின்னுரித்தாளராக, அதாவது அவருக்குப் பின் காணிக்கு உரியவராக, யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரட்டைப் பிரஜாவுரிமையைப் பெற்ற பின்னரே பெயர் மாற்றம் பற்றிப் பேசுங்கள். அதுவரை அந்தக் காணியில் உங்கள் சேமிப்பைக் கொட்ட வேண்டாம்.

உங்கள் கணவரின் நிரந்தர விசாவில் உள்ள பயண அனுமதிக்கு ஒரு முடிவுத் திகதி இருக்கும். அதைத் தாண்டி வெளியே நின்றால் மீள்வருகை விசா வேண்டும். கடந்த ஐந்து ஆண்டில் இரண்டு ஆண்டு அவுஸ்திரேலியாவில் வசித்தவருக்கு அது ஐந்து ஆண்டுக்குக் கிடைக்கும். அவரும் குடியுரிமை பெறுவதே சிறந்தது. இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைக்கும் விண்ணப்பத்தை அதற்கு முன்னர் கொடுக்கட்டும்.

கேள்வி: மல்லாவியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். மகன் கனடாவுக்குச் சுப்பர் விசாவில் கூப்பிடுகிறான். நீண்டகாலம் அங்கே நின்றால் இங்கே வருவதற்குத் தடை ஏதும் வருமா? எனது ஓய்வூதியம் நிற்குமா? (மல்லாவி வாசகி)

பதில்: ரீச்சர், நீங்கள் இலங்கைப் பிரஜை, எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும் உங்கள் நாட்டுக் கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கும். சுப்பர் விசா பத்து ஆண்டு வரை செல்லுபடியாகக்கூடியது. 2022 ஜூலை 4 முதல் ஒரு தடவை உள்ளே போனால் ஐந்து ஆண்டு வரை தொடர்ந்து நிற்கலாம். குறைந்தது ஒரு இலட்சம் கனடிய டொலருக்கான மருத்துவக் காப்புறுதி கட்டாயம்; ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அது எவ்வளவு தூரம் பொறுப்பேற்கும் என்பதை மகன் ஒப்பந்தத்தை வாசித்து உங்களுக்குச் சொல்லட்டும். இந்த விசாவால் வதிவிட உரிமையோ கனடிய ஓய்வூதியமோ கிடைக்காது. பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டு வருவதற்கான விசா அது; அவ்வளவில் நல்ல விசா.

கனடாவில் நிற்க அனுமதிக்கும் காலம் உங்கள் கடவுச்சீட்டின் முடிவுத் திகதியைத் தாண்டாது. உங்கள் கடவுச்சீட்டுக்கு இன்னும் இரண்டு ஆண்டே இருந்தால் ஐந்து ஆண்டுக்குப் பதிலாக இரண்டு ஆண்டே எழுதிவிடுவார்கள். ஆகவே முதலில் வவுனியாவிலுள்ள குடிவரவு, குடியகல்வுப் பிராந்திய அலுவலகத்தில் புதிய கடவுச்சீட்டை எடுத்துவிட்டு, அதில் விசாவுக்கு விண்ணப்பியுங்கள். ஓய்வூதியம் நிற்காது, ஆனால் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இங்கே கிராம அலுவலரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுத்ததை, அங்கே இலங்கைத் தூதரக அலுவலகத்தின் ஊடாக அனுப்ப வேண்டும். புறப்படும் முன்னர் துணுக்காய்ப் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பகுதிக்கு ஒரு தடவை போய், வெளிநாடு செல்வதை எழுத்தில் அறிவித்து, ஓய்வூதிய இலக்கத்தையும் தொலைபேசி எண்ணையும் அந்தக் கடிதத்தின் பிரதியிலேயே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.